பைக்கை ரயிலிலோ லாரியிலோ அனுப்பப் போறீங்களா? கயிறு மட்டும் போதாது... ரசீதையும் கவனிங்க!

வேலை மாறி சென்னையிலிருந்து பெங்களூருக்கோ, படிப்பு முடிந்து கோவையிலிருந்து சொந்த ஊருக்கோ கிளம்பும்போது, கட்டில், பீரோவைவிட அதிகக் கவலை தருவது பைக்தான். பலருக்கு அது இன்னும் இஎம்ஐ முடியாத வண்டி. போய்ச் சேரும்போது டேங்க் நசுங்கி, ஹேண்டில்பார் வளைந்து கிடந்தால் யார் பொறுப்பு?

"நல்லா டைட்டா கட்டுங்கண்ணே" என்று சொல்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். கட்டு முக்கியம்தான். ஆனால், சேதம் ஆன பிறகு எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது புக்கிங்கின்போது எழுதப்படும் ஒரு தொகை.

கட்டிய வண்டி சரிவது ஏன்?

பைக்கில் சஸ்பென்ஷன் இருக்கிறது. வண்டியை அப்படியே நிறுத்திக் கயிறு கட்டினால், லாரி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் பைக் அமுங்கி எழும். அமுங்கும் நேரத்தில் கயிறு தளரும். நூறு பள்ளம் தாண்டினால் முடிச்சே நழுவிவிடும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் கட்டுவது இன்னும் ஆபத்து. மொத்த எடையும் அந்தச் சின்ன ஸ்டாண்டின் மேல் விழும்.

சரி, எப்படிக் கட்டணும்?

* முன் சக்கரம் லாரியின் முன்பக்கத் தடுப்பில் முட்டி, நேராக நிற்க வேண்டும். கியர் வண்டி என்றால் முதல் கியரில் விடவும்.
* சாதாரண நைலான் கயிறு இழுபடும். இறுக்கிப் பூட்டும் வசதியுள்ள பட்டையான ஸ்ட்ராப் நல்லது.
* முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பக்கமும் சாய்வாக இழுத்துக் கட்டவும்.
* ஹேண்டில்பார் நுனி, கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்கூட்டரின் பிளாஸ்டிக் பாகங்கள் ஆகியவற்றில் கட்டவே கூடாது. உறுதியான ஃபிரேமிலும், முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் இரும்புப் பகுதியிலும் கட்டலாம்.
* முன் சஸ்பென்ஷன் ஓரளவு அமுங்கும்வரை இறுக்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஃபோர்க்கின் ஆயில் சீல் கெட்டுப்போகும்.
* ஸ்ட்ராப் உரசும் இடங்களில் பழைய துணி வைக்கவும். கிளம்பிய 20, 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி இறுக்கத்தைப் பார்க்கவும்.

சின்ன யானை மாதிரி மினி லாரியில் பைக்கின் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சிக்கல்தான். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 194(1ஏ)-ன்படி 20,000 ரூபாய் அபராதம்.

ரயிலில் அனுப்பினால்?

அதே ரயிலில் நீங்களும் டிக்கெட் எடுத்துப் போனால் 'லக்கேஜ்'. வண்டி மட்டும் தனியாகப் போனால் 'பார்சல்'. இரண்டுக்கும் ஆர்சி, அடையாள அட்டை நகல்கள் தேவை. இன்சூரன்ஸ் நகலும் கையில் இருக்கட்டும். டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. இது வெறும் சம்பிரதாயம் இல்லை. தீப்பற்றும் பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுபோனால், ரயில்வே சட்டப் பிரிவு 164-ன்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

மதிப்பை எழுதாவிட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 103-வது பிரிவுப்படி, புக்கிங்கின்போது பொருளின் மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டாவிட்டால், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. 1990-ம் ஆண்டு விதிகள் வைத்த வரம்பு, சரக்குக்கு கிலோவுக்கு 50 ரூபாய். அந்தக் கணக்கில் 110 கிலோ பைக்குக்கு அதிகபட்சம் 5,500 ரூபாய். வண்டி 90,000 ரூபாய் பெறுமே என்று அப்புறம் வாதாடிப் பயனில்லை. இழப்பீடு கேட்டு நோட்டீஸ் கொடுக்கவும் காலக்கெடு இருக்கிறது. பொருளை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதம்.

லாரி, பேக்கர்ஸ் நிறுவனம் என்றால்?

பலரிடமிருந்து சரக்கு வாங்கி ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள், 2007-ம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் முதல் கேள்வியே "உங்க பதிவு எண் என்ன?" என்பதாக இருக்கட்டும். இங்கேயும் அதே கதைதான். கூடுதல் மதிப்பை எழுதிக் கொடுக்காவிட்டால், நிறுவனத்தின் பொறுப்பு கட்டிய வாடகையைப் போல 10 மடங்கோடு நின்றுவிடும். வாடகை 3,000 என்றால் 30,000 ரூபாய்தான். புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனை மட்டும் நம்பி வண்டியைக் கொடுத்தவர்கள், கையில் ரசீதே இல்லாமல் எங்கே போய்க் கேட்பார்கள்?

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?

வண்டிக்கு முழுக் காப்பீடு, அதாவது சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்திருந்தால், சாலை, ரயில் வழியாக ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதமும் வழக்கமாக அதில் அடங்கும். பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே பாருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் ஒரு ரூபாய்கூட வராது.

வண்டியைக் கொடுக்கும் முன் 5 நிமிடம்...

நான்கு பக்கமும் போட்டோ, ஓடிய கிலோமீட்டர் தெரியும்படி மீட்டர் போட்டோ, ஏற்கெனவே உள்ள கீறல்களின் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் வண்டி எண்ணும் மதிப்பும் இருக்கின்றனவா எனப் பாருங்கள். வண்டி வந்து சேர்ந்ததும், சேதம் இருந்தால் அதை டெலிவரி தாளில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று ஒருமுறை கையெழுத்திட்டுவிட்டால், உடைந்தது வழியில்தான் என்பதை நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும்.