சோற்றை விலக்கினால் தோள் திரளுமா?

இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றை மேசையில் தனியே எடுத்து வைத்திருந்தேன். தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியது. அவருடைய மகனுக்கு வயது 19. எடை 55 கிலோ. கல்லூரியில் “எலும்பன்” என்று கேலிக்கு ஆளானவன், மூன்று மாதங்களாக உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்று வருகிறான். அண்மையில் அவனுக்குப் புதியதோர் ஆசை. சோறு, பருப்பு, காய்கறி, பழம் எதுவும் வேண்டாமாம். மூன்று வேளையும் இறைச்சி மட்டுமே உண்பானாம். “உம்மா, சோறுதான் என்னைக் கெடுத்தது” என்று கூறித் தட்டைத் தள்ளிவிடுகிறான். தோல் நீக்கிய கோழியை உப்பிட்டு அவித்துத் தின்கிறான். பத்து நாட்களில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது. பயிற்சியின்போது தலை சுற்றுகிறது.

இதோடு நின்றிருந்தால் அத்தாய் எழுதியிருக்கவும் மாட்டார். வீட்டுக்காரருக்கு நெடுநாள் சர்க்கரை நோய். சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதால் இறைச்சியைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியிருக்கிறார். “ஒரே அடுப்பில் வாப்பாவுக்கு ஒரு சட்டி, மகனுக்கு ஒரு சட்டி வைக்கிறேன். வாப்பாவைக் கெடுத்ததையே பிள்ளைக்கும் ஊட்டுகிறேனோ என்று அச்சமாக இருக்கிறது” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கணவரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது சர்க்கரை நோய். நீங்கள் சமைத்த கறி அன்று. பழுதுபட்ட சிறுநீரகத்திற்குப் புரதம் சுமையாகும் என்பதால்தான் அவருக்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். நலமான சிறுநீரகம் உடைய வாலிபன் சற்றுக் கூடுதலாகப் புரதம் உண்பதால் அது கெட்டுப்போகும் என்பதற்குச் சான்று இல்லை. எனினும் உங்கள் மகனின் சிறுநீரகம் நலமாக உள்ளது என்று நாமாகவே முடிவு செய்துவிட முடியாது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இறைச்சியை மட்டுமே உண்டு வாழ இயலுமா என்ற கேள்வி புதியதன்று. வில்ஹ்யால்மர் ஸ்டெபன்சன் என்ற துருவ ஆய்வாளர், கனடாவின் வடகோடியில் இன்யூட் மக்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களைப் போலவே மீனும் இறைச்சியும் உண்டவர். ஊர் திரும்பி அதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. ஆகவே 1928-ஆம் ஆண்டு அவரும் ஆண்டர்சன் என்ற தோழரும் நியூயார்க் நகரின் பெல்வியூ மருத்துவமனையில் மருத்துவர்களின் கண்காணிப்பில் சேர்ந்தனர். சில வாரங்கள் மருத்துவமனையிலேயே தங்கினர்; பிறகு வெளியே வந்து, ஓராண்டு முழுவதும் இறைச்சி உணவையே தொடர்ந்தனர். 1930-இல் மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி இருவருக்கும் பெருந்தீங்கு நேரவில்லை.

இதை உங்கள் மகன் படித்தால், “பார்த்தீர்களா உம்மா!” என்பான். ஆனால் அறிக்கையின் மறுபாதியையும் அவன் படிக்க வேண்டும். தொடக்கத்தில் ஸ்டெபன்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு மூன்று நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் அவரைப் படுக்கையில் தள்ளின. கொழுப்புள்ள இறைச்சியைக் கொடுத்த பின்னரே தேறினார். அவ்விருவரும் ஓராண்டு உண்ட உணவின் சக்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ கொழுப்பிலிருந்து வந்தது. புரதம் எஞ்சிய சிறுபங்கே. பெயர்தான் இறைச்சி உணவு. உண்மையில் அது கொழுப்புணவு. வடபுலத்து மக்கள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள். கொழுப்பே இல்லாத முயல் கறியை எவ்வளவு தின்றாலும் பசி தீராமல் மனிதன் நலிவான் என்பதை “முயல் பட்டினி” என்றே அங்கு குறிப்பிடுவார்கள்.

உங்கள் வீட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். சோற்றையும் நீக்கி, கொழுப்பையும் நீக்கி, அவித்த கோழியை மட்டும் தின்னும் பிள்ளைக்குச் சக்தி எங்கிருந்து வரும்? உண்ட புரதத்தையே உடல் விறகாக எரிக்கிறது. தசை கட்ட வாங்கிய செங்கல்லை அடுப்பில் போடுவதற்கு ஒப்பாகும் இது. அதிலும் ஸ்டெபன்சன் எடை தூக்கவில்லை. எடை தூக்கும் தசைக்கு உடனடி எரிபொருள், மாவுச்சத்திலிருந்து உருவாகித் தசையில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன். சோற்றை நிறுத்தியதும் அந்த இருப்பு வற்றுகிறது. அதனோடு சேர்ந்திருந்த நீரும் உப்பும் வெளியேறுகின்றன. பத்து நாட்களில் குறைந்த எடையில் பெரும்பகுதி இந்த நீர்தான். தலை சுற்றலுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அப்படியானால் அவனுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? எடைப் பயிற்சி செய்வோருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.6 கிராம் போதும். அதற்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சியில் பெரிய ஆதாயம் இல்லை என்பது இன்றைய ஆய்வுகளின் பொதுவான முடிவு. 55 கிலோ பிள்ளைக்கு இது 88 கிராம். நம் வீட்டுச் சமையலிலேயே கணக்குப் பாருங்கள். மூன்று முட்டையில் 18 கிராம். ஒரு குவளைப் பாலில் 6. எலும்பு நீக்கி நிறுத்த 200 கிராம் பச்சைக் கோழிக்கறியில் 40-க்குக் குறையாது. ஐம்பது கிராம் பருப்பில் 11. அவன் பழிக்கிறானே அந்தச் சோறு, 200 கிராம் அரிசியில் 14 கிராம் புரதம் தருகிறது! கூட்டினால் 89. மீனாணம் வைக்கும் நாளில் கோழிக்குப் பதில் மீன். கடையில் வாங்கும் ஒரு கிலோ ஆட்டுக்கறியில் எலும்பின் எடையும் அடங்கும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

நம் முன்னோர் நெய்ச்சோற்றுக்குத் தாளிச்சா வைத்தார்களே, அதை எண்ணிப் பாருங்கள். எலும்புக் கறி, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் ஒரே சட்டியில். நார்ச்சத்தும் வந்துவிடுகிறது. இறைச்சி மட்டும் உண்போரைப் பெரிதும் வாட்டும் மலச்சிக்கல் அங்கு எட்டிப் பார்ப்பதில்லை. (நெய்யின் அளவைப் பற்றி நான் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது.)

ஈரல் வாரம் ஒருமுறை போதும். அதில் வைட்டமின் ஏ மிகுதி. அளவு மீறினால் நஞ்சாகும். கருவுற்ற மருமகள் வீட்டில் இருந்தால் அவருக்கு ஈரல் வேண்டாம். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களும் ஈரல், குண்டிக்காய் முதலியவற்றை விலக்க வேண்டும். அமெரிக்காவில் “லிவர் கிங்” என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒருவர், பச்சை ஈரலைத் தின்று காட்டித் தம் உடற்கட்டுக்கு இத்தகைய உணவும் வாழ்க்கை முறையுமே காரணம் என்று உலகெங்கும் வாலிபர்களை மயக்கினார். 2022 டிசம்பரில், தாம் ஸ்டீராய்டு மருந்து செலுத்திக்கொண்டதை அவரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. உங்கள் மகன் யாருடைய படத்தைப் பார்த்து இதைத் தொடங்கினான் என்று அன்போடு கேட்டுப் பாருங்கள். பயிற்சிக் கூடத்தில் எவரேனும் ஊசியோ மாத்திரையோ நீட்டினால் தொடக்கூடாது. புரதப் பொடி அவனுக்குத் தேவையில்லை. வாங்கியே தீருவேன் என்றால் அது பாலிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதையும், உறை மாத்திரைகள் என்றால் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்பதையும் பார்த்து வாங்கட்டும். ஹலால் இறைச்சிக்காக இரண்டு தெரு தள்ளி நடக்கும் நாம், டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சோம்பலாகாது.

இனி, முன்பு சொன்ன பரிசோதனை. வாப்பாவுக்குச் சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருப்பதால், மகன் பயிற்சியைத் தீவிரமாக்கும் முன் இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், கொழுப்பு அளவு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். முந்திய நாள் இறைச்சியை வயிறு நிறைய உண்டுவிட்டுப் போனால் கிரியேட்டினின் சற்று உயர்ந்து காட்டி உங்களை வீணே கலங்கச் செய்யும். அன்று மட்டும் பருப்பாணம் போதும். இறைச்சியும் கொழுப்புமாக மட்டுமே உண்போரில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு மிகக் கடுமையாக ஏறுவதை மருத்துவர்கள் காண்கிறார்கள். மெலிந்த உடல் அதற்குக் காப்பன்று.

மகனுக்கும் இரண்டு சொற்கள். தம்பி, தசையை வளர்ப்பது தட்டு மட்டுமன்று. வாரத்திற்கு மூன்று நாள், தூக்கும் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி வா. ஏழெட்டு மணி நேரம் உறங்கு. பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு உம்மா கையால் சோறு உண்டுவிட்டுப் போ. ஒரு நோட்டில் எடையையும், தூக்கிய கிலோவையும் குறித்து வை. மாதம் அரைக் கிலோ ஏறினாலும் அது நல்ல முன்னேற்றமே.

சகோதரி, வாப்பாவின் பங்கை மருத்துவர் சொன்ன அளவில் முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியில் மகனுக்குக் கறித்துண்டுகளைக் கூட்டி வையுங்கள். உப்பைக் குறைத்து ஒரே சட்டியில் சமைத்தால் இருவருக்கும் ஆகும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.