ஆட்டங்களுக்கும் ஒரு தராசு வேண்டும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் கூடத்திற்குள் ஒரு முறையாவது நுழைந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். விலை இப்பொழுது கம்ப்யூட்டர் திரையில் ஓடுகிறது. வியாபாரிகள் பொத்தானை அமுக்கி விலை கேட்கிறார்கள். ஆயினும் மாதிரியைக் கையில் அள்ளிப் பார்க்காமல் விலை கேட்கும் வியாபாரி அங்கு இல்லை. காயின் பருமன் என்ன, பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா, ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் எடை நிற்கிறது என்பனவற்றையெல்லாம் பார்த்த பிறகே பொத்தானில் விரலை வைக்கிறார்கள். விளைந்த தோட்டம் யாருடையது என்பதற்காக யாரும் ஒரு ரூபாய் கூட்டிக் கொடுப்பதில்லை.

அதே ஊரிலும், மேற்கே மலையடிவாரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத் திட்டத்தால் நாடறிந்த பொட்டிபுரத்திலும், அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இன்று வேறொரு சரக்கு வீட்டுக்கு வீடு இறங்கிக் கொண்டிருக்கிறது. அதற்கு மாதிரி பார்ப்பவரும் இல்லை. தரம் பிரிப்பவரும் இல்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பும் தாய்மார்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய கைப்பேசியில் பிள்ளைகள் வீடியோ ஆட்டங்கள் ஆடுகிறார்கள். அவை நல்லவையா, கெட்டவையா, வெறும் பொழுதுபோக்கா, பணத்தைப் பறிக்கும் பொறியா என்று அந்தத் தாய்க்குத் தமிழில் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தமிழ்ப் பத்திரிகைகளில் இந்த ஆட்டங்களைப் பற்றி வருபவை பெரும்பாலும் இரண்டே வகைச் செய்திகள்தாம். ஒன்று, சர்க்கார் தடை விதித்தது என்பது. மற்றொன்று, யாரோ ஒரு வாலிபன் பணத்தை இழந்து உயிரையும் மாய்த்துக் கொண்டான் என்பது. இந்தக் குறைக்கு நம் பத்திரிகையும் விலக்கல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

தேசத்தின் முன் எத்தனையோ பெரும் பிரச்னைகள் இருக்கையில் விளையாட்டுச் சாமான்களுக்கு ஒரு தலையங்கமா என்று சில அன்பர்கள் கேட்கக் கூடும். 1931-ல் "காளிதாஸ்" வெளிவந்து தமிழ்ப் பேசும்படம் பிறந்த காலத்திலும் படித்த கனவான்களில் பலர் இதே கேள்வியைக் கேட்டார்கள். சினிமா கௌரவமான மனிதர் பேசத் தகாத விஷயம் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். ஆனால் "ஆனந்த விகட"னில் கல்கி அவ்வாறு ஒதுங்கவில்லை. சங்கீதத்தையும் நாடகத்தையும் போலவே படங்களையும் எடுத்து வைத்து, நன்றாயிருப்பதை நன்றென்றும் மோசமாயிருப்பதை மோசமென்றும் எழுதினார். ஜனங்கள் விமர்சனத்தைப் படித்துவிட்டுப் படம் பார்க்கும் பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது. ஒரு கலை ஜனங்களின் நேரத்தையும் பணத்தையும் எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டால், பிறகு அதைக் கவனிக்காமலிருப்பது கௌரவம் ஆகாது. கடமை தவறுதலே ஆகும்.

இந்த விஷயத்தைக் கோர்ட்டுகளும் சட்டசபைகளும் கவனிக்கின்றனவே, அது போதாதா என்று மற்றொரு வாதம் உண்டு. சட்டத் தொழிலை அறிந்தவன் என்ற முறையில் அவ்வாதத்தைச் சற்று ஆராய்வது பொருந்தும். ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு செய்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டு செல்லாதென்றது. பின்னர் இயற்றிய 2022-ஆம் வருஷச் சட்டத்திற்குக் கவர்னரின் சம்மதம் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலால் அவற்றைத் தடைப் பட்டியலில் வைக்கலாகாது என்று ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. பணம் வைத்து ஆடுவதற்கு நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விதித்த தடையை 2025 ஜூனில் அதே கோர்ட்டு உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு புதுச் சட்டம் செய்து, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் யாவும் கூடாதென்றும், மின் விளையாட்டுப் போட்டிகளும் பணமில்லாப் பொழுதுபோக்கு ஆட்டங்களும் வேறு வகை என்றும் பிரித்தது. இப்பிரிவினை நியாயமானதே. எனினும் ஒரு வஸ்து கூடுமா, கூடாதா என்பதோடு சட்டத்தின் வேலை முடிந்து விடுகிறது. கூடுமென்ற ஆயிரக் கணக்கான ஆட்டங்களில் எது பையனுடைய புத்தியை வளர்க்கும், எது அவனுடைய மாலைப் பொழுதைத் தின்னும் என்று எந்த நீதிபதியும் சொல்லப் போவதில்லை. சொல்வது அவர் வேலையுமல்ல.

ஆட்டத்தை ஆடிப் பார்க்காமல் தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பளித்தால் என்ன நேரும் என்பதற்கு "பலாட்ரோ" ஓர் உதாரணம். பெயர் வெளியிடாத ஒரு கனடா தேசத்தவர் தனியாளாக உருவாக்கி 2024 பிப்ரவரியில் வெளியிட்ட சீட்டாட்டம் அது. போக்கர் சீட்டுக் கட்டும் கணக்குகளும் உண்டு, பந்தயம் கிடையாது. ஒரு தம்பிடியும் ஜெயிப்பதற்கில்லை, தோற்பதற்குமில்லை. ஐரோப்பாவில் வயது நிர்ணயம் செய்யும் ஸ்தாபனம் சீட்டுகளைக் காரணமாகக் கொண்டு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கே உரியதென்று முத்திரை குத்தியது. மேல்முறையீட்டின் பேரில் 2025 பிப்ரவரியில் அதை 12 ஆகக் குறைத்தது. ஆனால் நிஜப் பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டிகளைக் குழந்தைகளுக்கு விற்கும் ஆட்டங்கள் பலவற்றுக்கு இத்தகைய முத்திரை விழவில்லை. சீட்டைக் கண்டு பயந்தவர்கள் சூதைக் காணத் தவறினார்கள்.

இனி நம் தேசத்தில் உற்பத்தியான ஆட்டங்களுக்கு வருவோம். 2020 செப்டம்பர் 2-ந் தேதி பப்ஜி ஆட்டத்திற்கு இந்திய சர்க்கார் தடை விதித்தது. இரண்டு நாட்களுக்குள், அதற்குப் பதிலாக "ஃபௌ-ஜி" என்ற சுதேசி ஆட்டம் வருகிறதென்ற அறிவிப்பு வெளிவந்தது. நிகர வருமானத்தில் 20 சதவிகிதம் வீரர்களின் குடும்ப நிதிக்குப் போகும் என்றும் சொன்னார்கள். லட்சக் கணக்கானவர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்துகொண்டு காத்திருந்தார்கள். 2021 குடியரசு தினத்தன்று ஆட்டம் வந்தது. கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் துப்பாக்கியின்றிக் கைகலந்து போரிட்டதே கதை. துப்பாக்கி இல்லையென்று சிலர் குறை கூறியது சரியல்ல. நடந்த சண்டை அத்தகையதே. உண்மையான குறை வேறு. எதிரிகள் வருகிறார்கள், அடிக்கிறோம், விழுகிறார்கள். மறுபடியும் வருகிறார்கள், மறுபடியும் அடிக்கிறோம். யோசிப்பதற்கோ கற்பதற்கோ அதில் இடமில்லை. கூட்டாகச் சேர்ந்து ஆடும் வசதியும் அன்று இல்லை. சில நாட்களுக்குள் ஆடியவர்களே அதன் மதிப்பைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அவர்களைத் தேசபக்தி இல்லாதவர்கள் என்று சொல்லலாமா? கூடாது என்பதே நம் அபிப்பிராயம். சுதேசித் துணி முரடாயிருந்த போதும் ஜனங்கள் அதை அணிந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் அந்தத் துணி மானத்தைக் காத்தது. நெய்தவன் நாணயமாக நெய்தான். அவசரத்தில் முடித்த வேலைக்குக் கொடியைப் போர்த்தி விற்பது அதற்குச் சமானமாகாது. வீரமரணம் அடைந்தவர்களின் பெயரால் வரும் ஆட்டம் மற்றவற்றைவிட மேலாக இருக்க வேண்டும் என்று கேட்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

பூனாவிலுள்ள சிறு ஸ்தாபனம் ஒன்று 2020-ல் வெளியிட்ட "ராஜி"யைப் பற்றி இதைவிட நல்ல வார்த்தைகள் சொல்ல முடிகிறது. அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் புறப்படும் ஒரு கழைக்கூத்தாடிச் சிறுமியின் கதை. துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டு கதையை நடத்துகிறார்கள். ராஜஸ்தானத்துக் கோட்டைகளின் அழகும் சித்திரங்களின் வர்ணமும் கண்ணை விட்டு நீங்குவதில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று முடியாமற் போன பிறகும் அதை விடாமல் முடித்தவர்களின் உறுதியைப் பாராட்ட வேண்டும். எனினும் சண்டைகளில் அவள் கைகால்கள் ஆடுபவனுக்குச் சரியாக வசப்படுவதில்லை. கதையோ சூடு பிடிக்கும் சமயத்தில் திடீரென்று அறுந்து நின்று விடுகிறது. 2024 ஆகஸ்டில் சீனாவின் ஹாங்சௌ நகரத்தார் தங்கள் பழைய குரங்கு வீரன் கதையைக் கொண்டு "பிளாக் மித்: வூகோங்" வெளியிட்டபோது மூன்று நாட்களுக்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. பழங்கதைச் செல்வத்தில் நாம் யாருக்கும் தாழ்ந்தவர்களல்ல. குறைவது முதலும் பயிற்சியும் பொறுமையுமே.

தமிழர்களுக்கு மிக நெருக்கமான ஆட்டம் கடல் கடந்து பிறந்திருக்கிறது. டொராண்டோவில் தமிழ் வாலிபர் ஒருவர் தலைமையில் உருவாகி, 2023 ஜூலை 31-ந் தேதி வெளிவந்த "வெண்பா"வைத்தான் சொல்கிறோம். 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகிய மூவரின் கதை அது. தாய் கொடுத்தனுப்பிய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் எழுத்தழிந்தும் போயிருக்கிறது. விட்டுப் போனதை யூகித்துச் சமைப்பதே ஆட்டம். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் ஏறும் என்பது இங்கே ஒரு புதிர். நம் வீடுகளில் பெண்கள் தினந்தோறும் செய்யும் காரியத்தில் எவ்வளவு யுக்தி அடங்கியிருக்கிறதென்பதை உலகத்தார் கைவிரலால் உணர்ந்தார்கள். மகன் தாய்மொழியில் பதில் சொல்லக் கூசி இங்கிலீஷில் சொல்லும் இடங்களில் நமக்கு நெஞ்சு கனக்கிறது. அதற்குக் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. மதுரையிலும் தேனியிலும் அந்தக் காட்சியைக் காணலாம். பிரிட்டிஷ் அகாடமி 2024-ல் அறிமுகப் படைப்புக்குரிய பரிசை இதற்கு அளித்தது தகுதியானதே.

ஆயினும் தமிழ் என்பதற்காக நாம் தராசைச் சாய்க்கலாகாது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து விடுகிறது. பதார்த்தங்கள் கொஞ்சம்; ஒவ்வொன்றுக்கும் ஒரே விடை. இரண்டாம் முறை ஆடுவதற்குக் கதையைத் தவிர வேறு காரணம் கிடையாது. சமையல் தெரிந்தவள் கை அளவைக் கூட்டியும் குறைத்தும் தன் ருசியைக் காட்டுவாளே, அந்த சுதந்திரம் இதில் இல்லை. இத்தனையையும் சொல்லிவிட்டு, இருந்தும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் ஒரு மாலைப் பொழுதில் சேர்ந்து அமர்ந்து ஆடத் தக்கது இதுவே என்று சொல்வோம். குறையையும் சொன்ன பிறகு கொடுக்கும் புகழுக்குத்தான் மதிப்பு.

பெருமுதல் போட்டால் தரம் தானாக வந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கும் பாடம் உண்டு. ஸோனி கம்பெனியார் 2024 ஆகஸ்டு 23-ந் தேதி வெளியிட்ட "கான்கார்ட்" என்ற துப்பாக்கி ஆட்டத்தை ஆட ஆளில்லாமல் இரண்டே வாரத்தில் நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். 2020 டிசம்பரில் வார்சா நகரத்துக் கம்பெனி "சைபர்பங்க் 2077" வெளியிட்டபோது, விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது உயர்ந்த கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டுமே. அவர்களும் புகழ்ந்தார்கள். பழைய கருவிகளில் ஆட வாங்கியவர்களுக்குக் கிடைத்ததோ நடுவழியில் நின்று போகும் ஓட்டைச் சரக்கு. ஸோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. மூட்டையின் வாயில் முதல் தரக் காயைப் பரப்பி அடியில் சண்டுக் காயை நிரப்பிய கதைதான். பின்னர் வருஷக் கணக்கில் உழைத்து அதைச் செப்பனிட்டார்கள் என்பதையும் சொல்வதே நேர்மை.

ஆகவே தமிழில் ஆட்டங்களுக்கு விமர்சனம் எழுதப் புகுவோர் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். ஆட்டத்தை இறுதிவரை ஆடிப் பார்த்தே எழுத வேண்டும். ஆடாத பகுதியைப் பற்றி மௌனம் சாதிக்க வேண்டும். பிரதியைக் கம்பெனி இனாமாகக் கொடுத்ததா, தாம் விலைக்கு வாங்கியதா என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாதாரணக் குடும்பத்தார் வைத்திருக்கும் கைப்பேசியில் அது ஓடுமா என்று பார்க்க வேண்டும். முதல் விலை எவ்வளவு, உள்ளே நுழைந்த பின் எத்தனை முறை பணம் கேட்கிறது, எந்த வயதுக்கு ஏற்றது என்பவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். பத்துக்கு இத்தனை என்று வெறும் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. 2010-ல் ஓர் அமெரிக்க ஸ்தாபனம் தயாரித்த ஆட்டத்திற்குச் சராசரி 85 மதிப்பெண் வந்தால் ஊக்கத் தொகை என்று ஒப்பந்தம்; வந்தது 84. ஒரு மதிப்பெண்ணுக்காகப் பலருடைய உழைப்பின் பலன் போயிற்று. காரணம் கூறாத தீர்ப்பைக் கோர்ட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இங்கு மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

நம் பத்திரிகையில் இத்தகைய விமர்சனங்களை ஒழுங்காகப் பிரசுரிக்க உத்தேசித்திருக்கிறோம். மற்றத் தமிழ்ப் பத்திரிகைகளும் இதில் இறங்க வேண்டும். 2023 ஜூலையில் திறக்கப்பெற்ற மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் போன்ற ஸ்தாபனங்கள் நல்ல ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகள் ஆடிப் பார்க்க ஓர் அறை ஒதுக்கலாம். பல்லாங்குழியும் ஆடுபுலி ஆட்டமும் ஆடிக் கணக்கும் யுக்தியும் கற்ற ஜனங்கள் நாம். ஆட்டம் நமக்குப் புதிதல்ல. அதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத்தான் கருவி மாறியவுடன் கைவிட்டுவிட்டோம். மலையிலிருந்து இறங்கி வரும் தாய் தன் மகன் கையிலுள்ள திரையைப் பார்த்து, "இது நல்லதா?" என்று கேட்டால், அவளுக்குத் தெரிந்த மொழியில், காரணத்தோடு, பயமும் பட்சபாதமுமின்றி ஒரு பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலைச் சொல்லும் பொறுப்பு தமிழ்ப் பத்திரிகைகளுடையது.