பிடியைத் தளர்த்துங்கள்

விழிஞ்ஞத்தில் ஒரு சிறிய பாறைக் குடைவரைக் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. பக்கத்துக் கோவளத்துக்குக் கடல் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இதை எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. ஞானம் புகட்டும் குருவாகிய சிவன், இங்கே இசைக்கு ஆசான்.

இன்று இந்தக் கடலோரத்தில் வீணையைவிடக் கிட்டாரின் ஒலியைக் கேட்பதுதான் எளிது. தேவாலயப் பாடகர் குழு, கல்லூரி விழா, கோவளத்து விடுதிகளின் மாலைக் கச்சேரி என்று எங்கும் அது நுழைந்துவிட்டது. நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. ஆசிரியர் இல்லாவிட்டாலும் செல்போனில் பாடம் நடக்கிறது. ஆனால் செல்போன் ஆசிரியருக்கு ஒரு குறை உண்டு. மாணவனின் மணிக்கட்டு எப்படி வளைந்திருக்கிறது, தோள் எப்படிக் காதருகே ஏறியிருக்கிறது என்பது அவர் கண்ணில் படாது. ‘நன்றாக அழுத்து’ என்ற ஒரு பாடத்தை மட்டும் மாணவன் பிடித்துக்கொள்கிறான். சில மாதங்களில் மணிக்கட்டில் வலி. வலித்தால்தான் வித்தை வரும் என்று வீட்டில் யாராவது சொல்கிறார்கள். வலியோடு பயிற்சி தொடர்கிறது.

இங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. கிட்டார் கற்பவருக்கு இரண்டு விதமான வலி வரும். ஒன்று, விரல் நுனியில். கம்பி அழுத்தித் தோல் சிவந்து, சில வாரங்களில் காய்த்துப்போய், பிறகு வலிக்காது. வீணைக் கலைஞர்களின் விரல்களிலும் இந்தக் காய்ப்பைப் பார்க்கலாம். இது தொழிலின் அடையாளம், பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது, மணிக்கட்டிலும் முன்னங்கையிலும் கட்டைவிரலின் அடியிலும் வருவது. இது தொழிலின் அடையாளமல்ல, எச்சரிக்கை. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொள்பவர்கள்தான் கடைசியில் வாத்தியத்தை மூலையில் வைக்கிறார்கள்.

விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட தசைநாண்கள், பொம்மலாட்டக்காரனின் நூல்களைப் போல, விரல்களுக்கு வருகின்றன. இவற்றில் ஒன்பது நாண்கள் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய குகை வழியாகச் செல்கின்றன. அதே குகையில் ஒரு முக்கியமான நரம்பும் போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். மணிக்கட்டு நேராக இருக்கும்போது எல்லாம் தடையின்றி ஓடும். மணிக்கட்டைக் கூர்மையாக மடக்கினால் குகைக்குள் அழுத்தம் ஏறும். அந்த நிலையிலேயே மணிக்கணக்கில் விரல்களை ஓட்டினால் நாண்கள் உரசும், வீங்கும், நரம்பு நசுங்கும். கை மரத்துப்போகிறது என்று மாணவன் சொல்வது இதைத்தான்.

சரி, எவ்வளவுதான் அழுத்த வேண்டும்? பெரும்பாலோர் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஸ்டீல் கம்பி போட்ட கிட்டாரில் ஆறு கம்பிகளின் மொத்த இழுவிசை 70 கிலோவை ஒட்டியிருக்கும். நைலான் கம்பியென்றால் 40 கிலோ அளவில். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் விரல் அந்த இழுவிசை முழுவதையும் எதிர்த்துப் போராடுவதில்லை. கம்பியை ஓரிரு மில்லிமீட்டர் கீழே தள்ளினால் போதும். அதுவும் வீணையில் மெட்டு என்கிறோமே, அதற்குச் சமமான ஃப்ரெட்டின் மிக அருகில் விரலை வைத்தால் இன்னும் எளிது. இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் வைத்தால்தான் கம்பி அதிர்ந்து இரைகிறது. இரைச்சலைப் போக்க மாணவன் இன்னும் நசுக்குகிறான். விரலை அரை அங்குலம் நகர்த்தினால் தீர வேண்டிய பிரச்னைக்குப் பலத்தைப் பயன்படுத்துகிறான்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கம்பியின் மேல் விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டுங்கள். மொண்ணையாக ‘டொக்’ என்று கேட்கும். மீட்டிக்கொண்டே அழுத்தத்தை இம்மியளவாகக் கூட்டுங்கள். முதலில் இரைச்சல், பிறகு ஒரு கட்டத்தில் தெளிவான ஸ்வரம். தேவையான பலம் அவ்வளவுதான். அதற்கு மேல் போடும் ஒவ்வொரு துளியும் வீண். ஸ்வரத்தைச் சற்று உயர்த்தி அபஸ்வரமாக்குவதும் அதுவே. அடுத்து, கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரலை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். சுலபமான ஒரு வரியை அப்படி வாசிக்க முடிந்தால், இதுவரை கட்டைவிரல் இடுக்கியைப் போல நெரித்துக்கொண்டிருந்தது தேவையே இல்லாத வேலை என்று புரியும். அழுத்தம் வர வேண்டிய இடம் கையின் எடையும் தோளும்.

விழிஞ்ஞம், கோவளம் கரைகளில் இதற்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. கரமடி இழுப்பதைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டுக் கரையில் கரைவலை என்பார்கள். கடலுக்குள் அரைவட்டமாக விரித்த பெரிய வலையின் இரண்டு வடங்களையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுப்பார்கள். அனுபவசாலி விரல் பலத்தால் இழுப்பதில்லை. வடத்தைப் பிடித்துக்கொண்டு உடலைப் பின்னால் சாய்க்கிறார். இழுப்பது உடலின் எடை. கால்கள் பின்வாங்கி நடக்கின்றன. கை வெறும் கொக்கி. புதிதாகச் சேர்ந்த பையன் முழங்கையை மடக்கி மல்லுக்கட்டி, கால் மணி நேரத்தில் களைத்துப்போகிறான். கிட்டாரில் எல்லா விரல்களையும் ஒருசேரக் கேட்கும் ‘எஃப்’ கார்டில் பலர் தோற்றுப் போவதும் இதே காரணத்தால்தான். வலது முன்னங்கை கிட்டாரின் உடலை மெல்ல மார்போடு அணைத்துக்கொள்ள, இடது கை தன் எடையால் கழுத்தைப் பின்னுக்கு இழுத்தால், கட்டைவிரலின் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

மெல்லத் தொடுவது நம் மரபுக்குப் புதிதல்ல. விழிஞ்ஞத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், திருவனந்தபுரத்தில், 1939-ல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே வீணை கற்பித்த கே.எஸ். நாராயணசுவாமி (1914-1999) மென்மையான மீட்டலுக்குப் பெயர் பெற்றவர். ஒரு மீட்டில் பல ஸ்வரங்களை இடது கையால் இழுத்து, வாய்ப்பாட்டைப் போலவே வீணையை ஒலிக்கச் செய்த பாணி அது. வீணையில் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் தருவதற்குக் கிட்டாரில் அழுத்துவதைவிட அதிக உழைப்பு தேவை. அதைப் பதற்றமில்லாமல் செய்ததுதான் வித்தை.

பதற்றத்தோடு செய்தவர்களின் கதைகளும் உண்டு. ஜெர்மன் இசைமேதை ராபர்ட் ஷூமன் பியானோ வித்வான் ஆகவே ஆசைப்பட்டார். 1832 வாக்கில், இருபதுகளின் ஆரம்பத்திலேயே, அவரது வலது கை விரல் செயலிழந்தது. விரலைப் பலப்படுத்த அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தியது காரணமா, வேறு நோயா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். மேடைக் கனவு முடிந்தது. நல்லவேளையாக, இசை அமைப்பவராக அவர் உலகுக்குக் கிடைத்தார். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷரின் வலது கையின் கடைசி இரு விரல்கள் 1964 வாக்கில் தாமாகவே உள்ளே சுருண்டுகொள்ளத் தொடங்கின. மிகையான பயிற்சியையே அவர் பின்னாளில் குற்றம் சொன்னார். இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் முப்பது ஆண்டுகளைக் கழித்தார். சிகிச்சைகளுக்குப் பிறகு இரண்டு கைகளாலும் வாசித்து அவர் வெளியிட்ட ஆல்பம் 2004-ல்தான் வந்தது. 2020-ல் காலமானார்.

ஃப்ளைஷருக்கு வந்தது ‘ஃபோக்கல் டிஸ்டோனியா’. தசையில் அல்ல, மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையில் ஏற்படும் குழப்பம். பெரும்பாலும் வலி இருக்காது. விரல் சொன்னபடி கேட்காது, அவ்வளவுதான். தொழில்முறை இசைக் கலைஞர்களில் ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு இது வருவதாக மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டேவிட் லெய்ஸ்னரை எண்பதுகளில் மேடையிலிருந்து இறக்கியதும் இதுதான். அவர் மீண்டு வரச் சுமார் 12 ஆண்டுகள் ஆயின. விரல்களோடு போராடுவதை விட்டுவிட்டு, தோள், முதுகு ஆகியவற்றின் பெரிய தசைகளை வாசிப்பில் ஈடுபடுத்தியதே தனக்கு வழி காட்டியது என்பது அவரது அனுபவம். கரமடி இழுப்பவருக்குத் தெரிந்த அதே ரகசியம். மறுபுறம், ஸ்பெயினின் ஆந்த்ரே செகோவியா 94-ஆம் வயதில், தாம் காலமான 1987-ஆம் ஆண்டிலும் மேடையில் கிட்டார் வாசித்தார். சரியாகப் பழகிய கை அத்தனை நாள் உழைக்கும்.

எல்லாப் பழியையும் கையின் மேல் போட்டுவிடவும் முடியாது. சில சமயம் குற்றவாளி கிட்டாரே. கேரளக் கடலோரத்துக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஈரக்காற்றில் மரம் நீரை உறிஞ்சி உப்பும். கிட்டாரின் முகப்பலகை மேலெழும்பி, அதன் மேல் நிற்கும் பிரிட்ஜும் உயர, கம்பிகள் ஃப்ரெட்டிலிருந்து விலகிப்போகும். கோடையில் எளிதாக வாசித்த பாட்டு மழைக்காலத்தில் கையை ஒடிக்கும். மாணவன் தன்னைத்தானே நொந்துகொள்வான். உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி துருப்பிடித்துச் சொரசொரப்பாவது தனி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஸ்டீல் கிட்டாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் போனால், வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடைத்து, கிட்டாரைப் பெட்டிக்குள் வைப்பது கைக்கும் நல்லது.

தொடக்கத்தில் மெல்லிய கம்பிகளையோ நைலான் கம்பிகளையோ போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. இங்கிலாந்தின் டோனி அயோமி 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ள அவருக்குக் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். அவர் மெல்லிய கம்பிகளைத் தேடிப் போட்டார். பின்னர் சுருதியையும் இறக்கி இழுவிசையைக் குறைத்துக்கொண்டார். ‘பிளாக் சபாத்’ குழுவின் கனத்த ஓசை பிறந்ததில் இதற்கும் பங்குண்டு.

மற்றபடி விதிகள் எளியவை. உட்காரும்போது முதுகு நேராக, தோள் தளர்வாக. கிட்டாரின் கழுத்து சற்று மேல் நோக்கி இருந்தால் இடது மணிக்கட்டு தானாக நேராகும். இதற்காகத்தான் இடது காலடியில் சிறிய முக்காலி வைக்கிறார்கள். நின்று வாசிப்பவர்கள் வாரைத் தொடை வரை தொங்கவிடுவது பார்க்க ஸ்டைல், மணிக்கட்டுக்குத் தண்டனை. முதல் ஐந்து நிமிடம் மெதுவான பயிற்சி. இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டாரைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த இடைவேளையில் செல்போனை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அது ஓய்வல்ல. அதே தசைகளுக்கு இன்னொரு வேலை. கடினமான இடத்தைப் பாதி வேகத்தில், கை தளர்ந்திருக்கும் வேகத்தில் மட்டுமே வாசிக்க வேண்டும். இறுகிய கையோடு நூறு முறை வாசித்தால் விரல்கள் பாட்டோடு சேர்த்து இறுக்கத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சியைத் திடீரென்று ஐந்து மணி நேரமாக்குவதும் ஆபத்து.

வலி வந்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். மறுநாளும் இருந்தால், விரல்கள் மரத்தால், இரவில் கை விறுவிறுத்துத் தூக்கம் கலைந்தால், பிடித்த பொருள் நழுவினால், டாக்டரிடம் போக வேண்டும். தைலம் தேய்த்துவிட்டு மீண்டும் உட்காரும் காரியமல்ல இது. ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓய்வும் பிசியோதெரபியும் பழக்க மாற்றமுமே பெரும்பாலும் போதும். வாசிக்கும்போது வலியில்லாமலே விரல் சுருண்டாலும் காட்ட வேண்டியது அவசியம்.

விழிஞ்ஞம் போன்ற ஊரில் இது வெறும் பொழுதுபோக்கின் பிரச்னையல்ல. ஞாயிறு காலை பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் கை, மற்ற நாட்களில் வலையோ தூண்டிலோ பிடிக்கும் கையாக இருக்கலாம். அந்தக் கை கெட்டால் போவது பாட்டு மட்டுமல்ல. அதனால் கிட்டாரைக் கையில் கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையிடம் எத்தனை பாட்டு கற்றாய் என்று கேட்பதற்கு முன் இன்னொரு கேள்வியைக் கேட்கலாம்: வாசித்து முடித்த பிறகு கை எப்படி இருக்கிறது? ஆரம்பிக்கும்போது இருந்ததைப் போலவே இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், வித்தை சரியான பாதையில் போகிறது.