மலையரணில் எல்லாம் உள. மார்வாடி மொழி எங்கே?

பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 'தாய்மொழி' என்றொரு கட்டம் உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வடசென்னைப் பள்ளியொன்றில் அக்கட்டத்தை நிரப்பும் பணி என்னிடம் இருந்தது. சவுகார்ப்பேட்டையிலிருந்து ஆறாம் வகுப்பிற் சேர வந்த சிறுவன் ஒருவனைப் பார்த்து, "வீட்டில் இந்திதானே?" என்று கேட்டுக்கொண்டே 'இந்தி' என்று எழுதினேன். "இல்லை ஐயா, எங்கள் வீட்டில் மார்வாடி" என்றான் அவன். "அதுவும் இந்திதான் அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை அழைத்தேன். இந்தித் திணிப்பை எதிர்த்து மேடைதோறும் முழங்கிவந்த யான் அன்று செய்தது இன்னதென்று எனக்கு விளங்குவதற்குச் சோத்பூர் மலையரணை ஏறிப் பார்க்க வேண்டியிருந்தது.

அம்மாணவன் இன்று வணிகன். சென்ற குளிர்காலத்தில் தன் தங்கையின் திருமணத்திற்காகச் சொந்த ஊராகிய சோத்பூருக்கு என்னை வற்புறுத்தி அழைத்துச் சென்றான். மணவினை முடிந்த மறுநாள், "எங்கள் கோட்டையைப் பார்க்காமல் போகக்கூடாது, ஐயா" என்று தானே உடன்வந்தான். பேரவாக் கொண்டு அவன் பாட்டியும் புறப்பட்டார். எண்பதைக் கடந்த அம்மூதாட்டிக்கு அரண்மேல் ஏற மின்தூக்கி இருந்தது நன்றாயிற்று.

அவ்வரணின் பெயர் மெக்ரான்கட். இராத்தோர் குடி வேந்தர் சோதா 1459-இல் அடிக்கல் நாட்டியது. நகரத் தரையினின்று ஏறத்தாழ 400 அடி உயர்ந்த பாறைமேல், பாறையே வளர்ந்து மதிலாயிற்றோ என ஐயுறுமாறு நிற்கின்றது. மதில் சில இடங்களில் 36 மீட்டர் உயரமும் 21 மீட்டர் அகலமும் உடையது. நீர், நிலம், மலை, காடு என நான்கினையும் அரணுக்கு உறுப்பாக வகுத்தார் வள்ளுவர். நீரும் காடும் அரிதாகிய அப்பாலையில் மலை ஒன்றே பெருந்துணையாக ஐந்நூறாண்டு நின்றிருக்கின்றனர் அம்மக்கள். பெயரும் கருதத்தக்கது. 'மிகிர்' என்னும் வடசொல் ஞாயிற்றைக் குறிக்கும். மிகிர்கட் என்றிருந்ததை அந்நாட்டு மக்கள் தம் நாவிற்கேற்ப மெக்ரான்கட் என ஆக்கிக்கொண்டனர். வந்த சொல்லைத் தன் ஒலிமுறைக்கு வளைத்துக்கொள்ளும் ஆற்றல் உயிருள்ள மொழிக்கே உண்டு.

1972-இல் அறக்கட்டளை ஒன்று ஏற்படுத்தப்பெற்று, அரண்மனைக் கூடங்கள் அருங்காட்சியகங்கள் ஆயின. ஒரு கூடத்தில் யானை அம்பாரிகள், ஒன்றில் சிவிகைகள், ஒன்றில் அரசகுலத் தொட்டில்கள். வாள்களும் ஓவியங்களும் தலைப்பாகைகளும் வேறு. பேணும் முறையைக் குறைகூற இயலாது. நம் நாட்டில், படிமங்கள்மேற் புழுதி படிந்து கிடக்கும் காட்சியகங்களைக் கண்டு நொந்த எனக்குப் பொறாமையே உண்டாயிற்று. சசுவந்த்சிங்குக்குச் சாசகான் அளித்த வெள்ளி அம்பாரி நேற்றுச் செய்தது போல் ஒளிர்கின்றது.

சிவிகைக் கூடத்தில் நெடுநேரம் நின்றேன். மகாதோள் எனப்படும் பொற்சிவிகை அங்கே உளது. 1730-இல் மன்னர் அபய்சிங் குசராத்து ஆளுநரை வென்று கொணர்ந்தது என்று வழிகாட்டி பெருமிதத்தோடு கூறினார். அதே 1730-இல், அதே மன்னரின் ஆட்சியில், சோத்பூருக்கு அணித்தாகிய கேச்சட்லி என்னும் சிற்றூரில் நிகழ்ந்ததை அவர் கூறவில்லை. அரண்மனைப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டி மன்னரின் ஆட்கள் வன்னி மரங்களை வெட்டப் புகுந்தனர். அம்மரங்களைத் தழுவி நின்று பிசுனோய் மக்கள் 363 பேர் வெட்டுண்டு மாண்டனர். முதலில் மாண்டவர் அமிர்தாதேவி என்னும் பெண்மணி. சிவிகைக்குக் கண்ணாடிப் பேழை கிடைத்தது; அவர்களுக்கு அக்கூடத்தில் ஒரு வரியும் யான் காணவில்லை. இஃது அவ்வரணுக்கு மட்டுமே உரிய குறை அன்று. தஞ்சைப் பெரியகோயிலில் கல்சுமந்தவரைப் பற்றி நாம் எத்தனை பலகை வைத்திருக்கின்றோம்?

ஆயினும் ஒன்று சொல்லல் வேண்டும். அடிக்கல் நாட்டிய காலத்தில் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டவராகச் சொல்லப்படும் இராசாராம் மேக்வாலுக்கு அரணுள்ளே நினைவுக்கல் உண்டு. இரும்பு வாயிலின் அருகே, 1843-இல் மன்னர் மான்சிங் மறைந்தபோது தீப்புகுந்த அவருடைய மகளிரின் கைத்தடங்கள் உள்ளன. மூதாட்டி அவற்றின்முன் தலைகுனிந்து நின்றார். எனக்கோ அச்சிறு கைகளைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வணங்கவும் மனம் வரவில்லை.

அவ்வாயிலை அடைந்தபோதுதான் யான் சொல்லவந்த செய்தி கிடைத்தது. மூதாட்டி அதனைச் சுட்டி, 'லோகா போள்' என்றார். ஈற்றில் தெளிந்த ளகரம். நாற்பதாண்டு தமிழ் படித்தும் பயிற்றுவித்தும் வந்த காது தவறாக் கேட்குமா? போள் என்றால் வாயில். பலகையைப் படிக்கச் சொன்னேன். மாணவன் படித்தான்: 'போல்'. அவன் பிழைத்தான் அல்லன். பலகையில் அவ்வாறே இருந்தது. மார்வாடியில் ளகரம் உண்டு. அதற்கெனத் தனி எழுத்தும் உண்டு. பொதுவழக்கு இந்தியில் அவ்வொலி இல்லை. ஆகலின் பலகை எழுதுவோர் லகரத்தை இட்டுவிடுகின்றனர். இந்தியில் 'போல்' என்பதற்கு உட்புரை, வெறுமை என்று பொருளாம்! ஐந்நூறாண்டுக் கோட்டையின் வாயில்கள் ஓர் எழுத்து மாறியதால் வெறுமைகள் ஆகிவிட்டன. கருமைக்கு மூதாட்டி 'காளோ' என்கிறார், இந்தியாருக்குக் 'காலா'. தண்ணீருக்கு அவர் 'பாணி' என்கிறார், அவர்களுக்குப் 'பானி'. இவ்வளவும் கேட்டும் 'அதுவும் இந்திதான்' என்று சொல்ல யார்க்கு நா எழும்? எனக்கு அன்று எழுந்ததே!

யான் கண்ட பலகைகள் யாவும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருந்தன. மார்வாடி இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாயிலருகே இசைவாணர் ஒருவர் அம்மொழியிற் பாடிக்கொண்டிருந்தார். 2007 முதல் அவ்வரணில் நாட்டுப்புற இசைவிழாவும் நடந்துவருகின்றது. பாடுதற்கும் ஆடுதற்கும் அம்மொழி வேண்டும். எழுதுதற்கும் ஆளுதற்கும் வேண்டா. வந்தாரை மகிழ்விக்கும் வேலைக்காரியாக மட்டும் ஒரு மொழியை வைத்திருப்பது என்ன அறம்?

'எழுத்தும் ஆட்சியும் அறியாத பேச்சுவழக்குத்தானே' என்பார்க்கு அவ்வரணே மறுமொழி கூறும். சசுவந்த்சிங்கின் அமைச்சர் முகணோத் நைண்சி, மார்வாட நாட்டின் ஊர்களையும் வருவாயையும் பிரிவு பிரிவாகத் தொகுத்துப் பெருநூல் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் அவர் அதனை எழுதிய மொழி மார்வாடி. மன்னரின் சினத்திற்கு ஆளாகிச் சிறைப்பட்டு, 1670-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் அவ்வறிஞர். மான்சிங் தொகுத்த ஏட்டு நூலகம் இன்றும் அரணுள் உளது. நம் காலத்தில் சோத்பூர்ச் சீதாராம் இலாலசு இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்து இராசத்தானி அகரமுதலி ஆக்கினார். போருந்தா என்னும் சிற்றூரில் இருந்தபடியே கதைகளைத் தொகுத்தும் புனைந்தும் எழுதிய விசயதான் தேதாவுக்கு 1974-இல் சாகித்திய அகாதெமி அம்மொழிக்கெனப் பரிசளித்தது. நடுவண் அரசின் ஒரு கை பரிசு கொடுக்கின்றது. மறுகை குடிக்கணக்கில் அதே மொழியை இந்தி என்று எழுதுகின்றது.

2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 இலக்கம். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் என்று நம்மிடம் பறைசாற்றப்படும் கணக்கு இதுவே. அதனுள் தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர் 32 கோடியே 22 இலக்கம் மட்டுமே. எஞ்சியோர் போசபுரி என்றும் இராசத்தானி என்றும் மார்வாடி என்றும் பிறவென்றும் தெளிவாகச் சொன்னவர்கள். இராசத்தானி என்றோர் 2 கோடியே 58 இலக்கம். மார்வாடி என்றோர் 78 இலக்கம். அவர்கள் சொன்னது தாளில் உளது, கூட்டுத்தொகையில் இல்லை. நம்மை அடக்கக் காட்டும் எண்ணில் அவ்வடங்கிய மக்களும் இருக்கின்றனர் என்பதைத் தமிழர் எத்தனை பேர் அறிவோம்? மார்வாடி என்றால் அடகுக்கடை என்பதற்குமேல் அறிய முயன்றோமா?

இராசத்தான் சட்டமன்றம் 2003-இல் தம் மொழியை எட்டாம் அட்டவணையிற் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டின் 92-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் போடோ, தோக்ரி, மைதிலி, சந்தாலி நான்கும் சேர்ந்தன. இராசத்தானி சேரவில்லை, இன்றும் வெளியே நிற்கின்றது. மார்வாடி, மேவாடி, துண்டாரி, காடௌதி எனப் பல வழக்குகள் இருக்க எதனை மொழியென்பது என்று வினவுகின்றனர். வினாவில் ஓரளவு பொருள் உண்டு. அவ்வழக்குகளின் வேறுபாடு நம் நெல்லைக்கும் கொங்குக்கும் உள்ளதினும் மிகுதி. ஆனால் அதனை முடிவுசெய்ய வேண்டியவர் அம்மக்கள். நான்கும் ஒன்றாகா என்பவர், நான்கையும் இந்தியோடு ஒன்றாக்குவது எங்ஙனம்?

மறுநாள் நகர்ப்புறத்தே மற்றொரு காட்சியகம் சென்றோம். கோமல் கோத்தாரி என்னும் நாட்டுப்புறவியல் அறிஞர் எண்ணி வகுத்தது; 2004-இல் அவர் மறைந்தார். அங்கே வாளில்லை, சிவிகையில்லை. துடைப்பங்கள்! எந்நிலத்தில் எப்புல் விளையும், எதைக் கொண்டு எதைப் பெருக்குவர் என்று துடைப்பம் வழியே பாலைநில வாழ்வைக் காட்டியிருக்கின்றனர். கோட்டையில் வாய்மூடி நடந்த மூதாட்டி இங்கே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்லத் தொடங்கிவிட்டார். பேரனுக்குப் பாதி விளங்கவில்லை. "எனக்கே தெரியாத சொற்கள், ஐயா" என்றான். அவனுடைய மகள், நான்கு அகவைக் குழந்தை, நீர்வேட்கையால் அழுதது. 'பானி' என்றுதான் கேட்டது. மூதாட்டி, 'பாணி' என்று சொல்லிக்கொண்டே குவளையை நீட்டினார்.

சென்னை மீண்டதும் அந்தப் பழைய பள்ளிக்குச் சென்று, பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டேன். மை மங்கியிருந்தது, கையெழுத்து என்னுடையதே. திருத்த இசைவில்லை என்றனர். இப்பொழுது யான் பணியாற்றும் பள்ளியில், சேர்க்கை நாளில், அக்கட்டத்தை நிரப்புமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கின்றேன்: "உன் பாட்டியோடு எம்மொழியிற் பேசுவாய்?" இவ்வாண்டு இருவர் மார்வாடி என்றனர். அவ்வாறே எழுதினேன்.