குடலில் மூளும் போர்

மன்ற மேடையில் "தமிழ்க் குருதி" என்று முழங்குகிறோம். அக்குருதி ஓர் உயிரைக் காக்கும் வேளை வந்தால்?

இரத்தப் புற்றுநோயாளிக்குப் பிறருடைய குருத்தணுக்களைச் செலுத்தும் மருத்துவம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடந்து வருகிறது. ஆனால் அவற்றோடு வரும் வெள்ளணுக்கள் சில வேளை நோயாளியின் தோலையும் ஈரலையும் குடலையும் பகையெனக் கருதித் தாக்குகின்றன. குடல் புண்ணாகி, ஓயாத வயிற்றுப்போக்கால் உயிர் போவதும் உண்டு.

போரை அடக்க மருந்துகள் உள; முதற்காப்போ திசுப் பொருத்தமே. உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். அயலாரிடம் தேடினால், ஒரே முன்னோர் வழியினரிடமே பொருத்தம் கிடைப்பது எளிது. தமிழரும் கொங்கணியரும் குசராத்தியரும் அடுத்தடுத்து வாழும் மட்டாஞ்சேரியில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் கொடையாளர் வேண்டுமன்றோ?

சென்னையில் 2009இல் தோன்றிய 'தாத்ரி' போன்ற பதிவகங்களில் சேர, உட்கன்னத்தைப் பஞ்சால் துடைத்துத் தந்தால் போதும். ஆனால் நண்பர்களே, எண்ணித் துணிந்து பெயர் கொடுங்கள். நோயாளியின் மச்சையை மருந்தால் அழித்தபின் நாம் பின்வாங்கினால், அது கொலைக்கு ஒப்பாகும்.

முழக்கம் போதும், சொன்ன சொல்லைக் காப்போம்!