தனுஷ் படங்களுக்குப் புழலிலிருந்து ஒரு வரிசை

ஜி.என்.டி. சாலையில், புழல் சிறைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை இருக்கிறது. காலை நேரத்தில் அங்கே இரண்டு விதமான ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கம், உள்ளே இருப்பவரை மனு போட்டுப் பார்க்க வந்த பெண்கள். கையில் கட்டைப்பை, ஆதார் அட்டையின் ஜெராக்ஸ், தோளில் தூங்கும் குழந்தை. இன்னொரு பக்கம் எங்கள் தெருப் பையன்கள். போன வாரம் பையன்களுக்குள் ஒரு வாக்குவாதம்: தனுஷ் நடித்த சண்டைப் படங்களில் எது முதல், எது கடைசி? ஒருவன் என்னைப் பார்த்து, "யக்கா, நீதான் டாக்டருக்குப் படிக்கிறியே, நீ சொல்லு. புதுப்பேட்டையா, வடசென்னையா?" என்றான். நான் படிப்பது அந்த டாக்டர் இல்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் விடுவதாக இல்லை.

அன்று பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

எங்கள் பையன்களுக்குத் தனுஷை ஏன் பிடிக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 2002இல் 'துள்ளுவதோ இளமை' வந்தபோது, இந்த முகமெல்லாம் கதாநாயகனா என்று சிரித்தவர்கள் உண்டு. ஒட்டிய கன்னம், கறுத்த தோல், சட்டைக்குள் காணாமல் போகும் உடம்பு. அப்படிச் சிரித்தவர்களுக்கு, கதாநாயகன் என்றால் சிவப்பாகவும் புஜத்தோடும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. அந்த ஒல்லி உடம்பு பத்துப் பேரை அடித்து நிமிரும்போது, திரையில் நிமிர்ந்தது யார் என்று யாரும் இவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தனுஷின் சொந்தச் சாதி என்ன என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த உடம்பு எந்தக் கதைக்குள் நிறுத்தப்பட்டது என்பதுதான் கேள்வி.

ஆகவே சண்டை எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்து என்னால் வரிசைப்படுத்த முடியவில்லை. இந்த ஊரில் நின்று பார்த்தால் வேறு இரண்டு கேள்விகள் முன்னே வருகின்றன. கத்தி ஏன் எடுக்கப்பட்டது? எடுத்த பிறகு வழக்கு யார் மேல் விழுந்தது? பெரும்பாலான சண்டைப் படங்கள் இரண்டாவது கேள்விக்கு முன்பே முடிந்துவிடும். வில்லன் விழுவான், விளக்குப் போடுவார்கள், நாம் செருப்பைத் தேடுவோம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த டீக்கடையில் கட்டைப்பையோடு நிற்பவர்களின் கதை.

கடைசி இடம் 'ராயன்'. 2024இல் வந்த தனுஷின் ஐம்பதாவது படம், இயக்கமும் அவரே. ஒரு காவல்துறை அதிகாரி இரண்டு கும்பல்களை மோதவிட்டு இரண்டையும் ஒழிக்கப் பார்க்கிறார் என்ற முடிச்சு நல்ல முடிச்சு. ஆனால் படம் அதைத் திரியாக மட்டும் வைத்துக்கொண்டு, ரத்தத்தில் இறங்கிவிடுகிறது. அந்தப் பகுதியில் ஏன் இரண்டு கும்பல்கள் என்ற கேள்வி அதற்கு இல்லை. மழை பெய்வதுபோல அங்கே வெட்டு நடக்கும், அவ்வளவுதான்.

அதற்கு மேலே 'பொல்லாதவன்' (2007). விறுவிறுப்பில் இந்தப் படத்தை அடிக்க ஆள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நடுத்தரக் குடும்பத்துப் பையனின் பல்சர் வண்டி திருடு போகிறது, தேடிப் போகிறான். அவன் வீடு இருக்கும் பக்கம் குடும்பம், பாசம், வேலை தேடும் கவலை. வண்டி போன பக்கம் கஞ்சா, கத்தி, கும்பல். வண்டி போன பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள். படம் வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன். என் வகுப்பில் எல்லோரும் தனுஷாகத்தான் தங்களைப் பார்த்தோம். நாங்கள் அந்தப் படத்தில் வேறு எங்கே இருக்கிறோம் என்பது உறைக்கப் பல வருடங்கள் ஆனது.

'புதுப்பேட்டை'யை நான்காவதாக வைத்தால் டீக்கடையில் எனக்கு இனி டீ கிடைக்காது. இருந்தாலும் அங்கேதான் வைக்கிறேன். 2006இல் வந்தபோது பெரிதாக ஓடாத படம், பிறகு ஒரு தலைமுறையின் வேதமாகிவிட்டது. கொக்கி குமார் பசியிலிருந்து கிளம்புகிறான். அரசியல்வாதிகளுக்கு அடியாள் எப்படித் தயாராகிறான் என்று செல்வராகவன் காட்டியதுபோல அதற்கு முன் தமிழில் காட்டியவர் குறைவு. கதையே சிறைக் கொட்டடியின் இருட்டில் தொடங்குகிறது. ஆனால் குமார் அமைச்சராகிவிட்டான் என்ற கிண்டலோடு படம் முடிகிறது. அந்தக் கிண்டல் தியேட்டரில் கைத்தட்டல் வாங்கும். புழலில் நான் அறிந்த கொக்கி குமார்களில் ஒருவரும் அமைச்சராகவில்லை. அடியாளை வைத்திருந்தவர்கள் ஆனார்கள். அடியாளின் பெயர் காவல் நிலையத்து ரவுடிப் பட்டியலில் ஏறியது. தேர்தல் வந்தால், திருவிழா வந்தால், பெரிய தலைவர் வந்தால், அவன் திருந்தி ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாலும் வீட்டுக் கதவு தட்டப்படும்.

அந்தப் படம் வந்த அதே 2006இல்தான் புழல் சிறையும் திறக்கப்பட்டது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1837 முதல் இருந்த பழைய மத்தியச் சிறையைக் காலி செய்து, கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். 2009இல் பழைய கட்டடம் இடிக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் நடந்தே போய் மகனைப் பார்த்த அம்மாக்கள், பஸ் மாறி ஏரிக்கரை வரை வர ஆரம்பித்தார்கள்.

இன்னொரு சேதி, சினிமா ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நாம் 'குண்டாஸ்' என்று சொல்லும் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டம் 1982இல் வந்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம் விற்பவர், குண்டர், குடிசை நிலத்தை அபகரிப்பவர் என்று நீளும் அதன் பட்டியலில் 2004இல் ஒரு புது வகை சேர்க்கப்பட்டது: வீடியோ திருட்டில் ஈடுபடுவோர். திருட்டு விசிடியைக் கடுமையாக ஒடுக்க வேண்டும் என்று திரையுலகம் குரல் எழுப்பிய காலம் அது. அதாவது, திரையில் கொக்கி குமார் கத்தி தூக்குவதை நூறு ரூபாய் டிக்கெட்டில் விற்பது தொழில். அதே படத்தின் சிடியைப் பர்மா பஜார் ஓரத்தில் முப்பது ரூபாய்க்கு விற்கும் பையன், நிஜக் கொக்கி குமாரோடு ஒரே சட்டத்தின் கீழ் உள்ளே போகலாம். சிடி விற்பது சரி என்று நான் வாதாடவில்லை. அதற்குத் தடுப்புக்காவலா என்றுதான் கேட்கிறேன்.

உள்ளே இருப்பவர்கள் யார்? 2022ஆம் ஆண்டுக்கான இந்தியச் சிறைப் புள்ளிவிவரத்தின்படி நாட்டின் கைதிகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தண்டனை பெறாதவர்கள். பட்டியல் சாதியினர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2011 கணக்கெடுப்பில் அவர்களின் மக்கள்தொகைப் பங்கு 16.6 விழுக்காடு. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளுக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பதைச் சட்டவிரோதம் என்றது. கைதிகள் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்த விவகாரமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்த பிறகும், 'பழக்கக் குற்றவாளி' என்ற பெயரில் அதன் நிழல் சிறை விதிகளில் தொடர்வதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். எங்கள் பக்கத்து ரவுடிப் பட்டியலை அந்த நிழலில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

இப்போது மேல் வரிசை. மூன்றாவது 'அசுரன்' (2019). பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்தது. தனுஷுக்குச் சிறந்த நடிகருக்கான இரண்டாவது தேசிய விருதைத் தந்த படம். பஞ்சமி நிலம், காலில் செருப்புப் போட்டதற்காக அவமானப்படுத்தப்படும் பெண், 1968 கீழ்வெண்மணியை நினைவூட்டும் குடிசை எரிப்பு என்று கத்தி எடுக்கப்பட்ட காரணத்தை அது ஒளிக்கவில்லை. அதில் மிகப் பெரிய சண்டைக் காட்சி, என் கணக்கில், ஒரு அடிகூட விழாத காட்சிதான்: பிடிபட்ட மூத்த மகனை மீட்க, சிவசாமி ஆதிக்கச் சாதித் தெருவில் ஒவ்வொருவர் காலிலும் விழுவது. அப்படி விழுந்தும் மகன் மிஞ்சவில்லை. கடைசியில் இளைய மகன் செய்த கொலையை அப்பா தன் தலையில் ஏற்றுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். படிப்பை மட்டும் யாரும் பிடுங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதை எல்லோரும் கொண்டாடினார்கள். படித்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு: படிப்பைப் பிடுங்க முடியாதுதான், உதவித்தொகையையும் இடத்தையும் மரியாதையையும் பிடுங்கலாம். அதனால்தான் மூன்றாவது.

முதல் இரண்டு இடங்களுக்கு 'கர்ணன்', 'வடசென்னை'. எதை மேலே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

'கர்ண'னில் (2021) மாரி செல்வராஜ் முதலில் உடைக்க வைப்பது ஆளை அல்ல, பேருந்தை. அந்த ஊரில் பேருந்து நிற்காது; நிற்காததால் நடுரோட்டில் வலிப்பு வந்து ஒரு சிறுமி சாகிறாள். கர்ப்பிணிக்கும் நிற்காத வண்டியின் மேல் முதல் கல்லை எறிவது ஒரு சின்னப் பையன். அதன் பிறகுதான் கர்ணன். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து செய்ததை அறிந்தவர்களுக்கு, படத்தின் கடைசி அரைமணி நேரம் சினிமாவாகத் தெரியாது. எஸ்.பி. கண்ணபிரானின் கோபம் எதனால் வருகிறது? எதிரே நிற்கும் பெரியவர்கள் நிமிர்ந்து நின்று, ராஜாக்களின் பெயர்களை வைத்திருப்பதால். இதைவிடத் துல்லியமாகச் சாதியைக் காட்டிய சண்டைப் படம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. கர்ணன் விலை கொடுக்கிறான், பத்து வருடச் சிறை. ஊர் அவனை மறக்கவில்லை; திரும்பி வரும்போது ஆடி வரவேற்கிறது. எனக்குள்ள ஒரே மனக்குறை, அந்தப் பத்து வருடத்தைப் படம் ஒரே வெட்டில் தாண்டிவிடுகிறது.

அந்தப் பத்து வருடத்துக்குள்தான் 'வடசென்னை' (2018) நுழைகிறது. படத்தின் முடிச்சே வழக்குதான். ராஜனைக் கொன்றவர்கள் கடையில் உட்கார்ந்து பேசுவது, யார் சரணடைவது, யார் வெளியே இருந்து ஜாமீன் எடுப்பது என்பதைத்தான். எடுக்காமல் விட்டதிலிருந்து பகை கிளைக்கிறது. கொலையைவிட ஜாமீனுக்கு முக்கியத்துவம் தந்த ரவுடிப் படத்தை வேறு எங்கு பார்த்தோம்? பழைய மத்தியச் சிறையை அரங்காக அமைத்து, உள்ளே யார் யாருக்குக் கீழ், எது எப்படி உள்ளே வரும் என்று பொறுமையாகக் காட்டினார்கள். ராஜன் சாகக் காரணம், குப்பத்தை அகற்றிவிட்டுச் சாலை போடுவதை எதிர்த்தது. கேரம் ஆடி ஒரு வேலைக்குப் போகலாம் என்றிருந்த அன்பு, கடைசியில் அதே எதிர்ப்பில் வந்து நிற்கிறான். (கேரம் கதைக்காகச் சேர்த்த அலங்காரம் இல்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.)

இருந்தும் 'கர்ணன்' முதல், 'வடசென்னை' இரண்டாவது. ஏனென்றால் அன்பு யார் என்று படம் சொல்லவில்லை. கடலோர மக்கள் சில காட்சிகளால் புண்பட்டு எதிர்ப்புத் தெரிவித்து, வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்ததும் நடந்தது. தனுஷின் இந்த ஆறு படங்களையும் சேர்த்து வைத்தால் ஒரு கோடு தெரிகிறது. பொடியன்குளத்துக்காரன் வாளெடுத்தால் காரணம் சாதி என்று படம் சொல்கிறது. காசிமேட்டுக்காரன் கத்தி எடுத்தால் காரணம் 'ஏரியா'. தெற்கே போனால் சாதி, வடசென்னைக்கு வந்தால் ரவுடித்தனம். சேரியிலிருந்து துறைமுகத்துக்கும் ஆலைக்கும் சுமை தூக்க வந்தவர்களின் பிள்ளைகள்தானே நாங்கள்? ரயிலேறி வந்ததும் சாதி எங்கே இறங்கிக்கொண்டது?

இந்தக் கோட்டை அழித்தவை தனுஷ் நடிக்காத படங்கள். பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) வியாசர்பாடியில் ஒரு சுவரை நிறுத்தி, அதற்கு யார் யார் ஏன் சாகிறார்கள் என்று கேட்டது. அதன் நாயகன் ஐ.டி. வேலைக்குப் போகிறவன். 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) கபிலனின் குத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. பிரேசிலின் 'சிட்டி ஆஃப் காட்' படத்தைக் காட்டி எங்கள் பகுதிப் படங்களைப் பாராட்டுகிறவர்கள், அதன் மூலநாவலை எழுதிய பாவ்லோ லின்ஸ் அதே குடியிருப்பில் வளர்ந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

பட்டியலைச் சொன்னதும் பையன் கேட்டான்: "அப்போ மாரி எங்கக்கா?" மாரியை நான் மறக்கவில்லை. புறாப் பந்தயத்துக்காக இரண்டு முறை பார்த்தேன், மாமூல் வசூலை நகைச்சுவையாக்கியதற்காகப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவன் முகம் தொங்கிவிட்டது. வடசென்னை இரண்டாம் பாகம் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்றான். வரும் என்று பல வருடங்களாகப் பேசுகிறார்கள். வந்தால் அதில் எனக்கு ஒரு காட்சி வேண்டும். சண்டை வேண்டாம். பத்மா கட்டைப்பையோடு மனு வரிசையில் நிற்கட்டும். முன்னால் நாற்பது பேர் இருக்கட்டும். அவளுடைய முறை வரும் வரை கேமரா நகராமல் நிற்கட்டும்.