வருஷத்தின் பெஸ்ட் பிட்சர்... ஆனா சம்பளம் கம்மி, டீமும் மாற முடியாது! பால் ஸ்கீன்ஸ் விஷயத்தில் என்ன நடக்கிறது?

அமெரிக்க பேஸ்பாலில் 2025-ம் ஆண்டின் சிறந்த பிட்சர்களில் ஒருவருக்குத் தரப்படும் சை யங் விருதை வென்றவர் பால் ஸ்கீன்ஸ். அப்போது வயது 23. வாக்களித்த 30 பேரும் அவருக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஆனால் அந்த சீசனில் அவருக்கு டீம் கொடுத்த சம்பளம் 8.75 லட்சம் டாலர்தான்.

நம்ம ஊர் கணக்கில் சுமார் 7.5 கோடி ரூபாய். பெரிய தொகைதானே என்று தோன்றும். அதே சீசனில் ஃபிலடெல்ஃபியா ஃபில்லிஸ் அணியின் பிட்சர் ஸாக் வீலருக்குக் கிடைத்தது 4.2 கோடி டாலர். அதாவது 48 மடங்கு! இத்தனை வித்தியாசம் ஏன்? ஸ்கீன்ஸ் ஏன் வேறு டீமுக்குப் போகவில்லை? வாங்க, விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த பால் ஸ்கீன்ஸ்?

கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர். முதலில் சேர்ந்தது அமெரிக்க விமானப்படை அகாடமியில். அங்கே பந்தும் வீசினார், கேட்சராகவும் ஆடினார். மூன்றாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்துவிட்டால் ராணுவப் பணி கட்டாயம் என்பது அகாடமி விதி. பேஸ்பாலா, விமானப்படையா என்று முடிவெடுக்க வேண்டிய கட்டத்தில், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார்.

அங்கே ஒரே சீசனில் 209 ஸ்டிரைக்அவுட். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொல்வதென்றால், ஃபீல்டர் உதவியே இல்லாமல் பேட்டரை பவுலர் தனியாக அவுட் ஆக்குவதுதான் ஸ்டிரைக்அவுட். 2023-ல் அந்தப் பல்கலைக்கழகம் தேசிய சாம்பியன் ஆனது. தொடரின் சிறந்த வீரர் ஸ்கீன்ஸ்.

அடுத்த மாதமே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்வு செய்தது. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 92 லட்சம் டாலர். அப்படித் தேர்வு செய்யப்பட்ட எந்த வீரருக்கும் அதுவரை கிடைக்காத தொகை அது.

களத்தில் என்ன செய்தார்?

2024 மே 11-ம் தேதி சிகாகோ கப்ஸுக்கு எதிராக முதல் மேட்ச். ஆறு நாள் கழித்து அதே அணிக்கு எதிராக இரண்டாவது மேட்ச். 6 இன்னிங்ஸ் வீசினார், ஒரு ஹிட் கூட விடவில்லை, 11 ஸ்டிரைக்அவுட். மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் ஒரு பக்கம். அதே போல வந்து கடைசி நொடியில் கீழே இறங்கும் 'ஸ்பிளிங்கர்' என்ற பந்து இன்னொரு பக்கம். பேட்டர்கள் திணறிப் போனார்கள்.

வந்து இரண்டே மாதத்தில் ஆல்-ஸ்டார் மேட்ச்சில் தொடக்க பிட்சர். சீசன் முடிவில் தேசிய லீகின் சிறந்த புதுமுக வீரர் விருது. 2025-லும் ஆல்-ஸ்டார் மேட்ச்சைத் தொடங்கி வைத்தது அவர்தான். முதல் இரண்டு சீசனிலும் இப்படி நடந்தது வேறு யாருக்கும் இல்லை.

பிட்சரை எடைபோட முக்கியமான அளவுகோல் ஈ.ஆர்.ஏ. ஃபீல்டர்கள் தப்பால் போன ரன்களைக் கழித்துவிட்டு, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு. லீகின் சராசரி 4 ரன்னை ஒட்டி இருக்கும். ஸ்கீன்ஸின் கணக்கு 2024-ல் 1.96, 2025-ல் 1.97.

அப்படின்னா டீம் ஜெயித்ததா?

இல்லை. 2025-ல் பைரேட்ஸ் 71 மேட்ச் ஜெயித்து, 91 மேட்ச் தோற்றது. லீகில் உள்ள 30 அணிகளில் மிகக் குறைவாக ரன் எடுத்ததும் இவர்கள்தான். பிட்சர் எவ்வளவு நன்றாக வீசினாலும், சொந்த டீம் ரன் எடுக்காவிட்டால் தோல்வி அவர் கணக்கில் சேரும். அதனால்தான் சை யங் விருது வென்ற சீசனிலும் ஸ்கீன்ஸின் கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி. பைரேட்ஸ் கடைசியாக பிளே ஆஃப் பார்த்தது 2015-ல். உலகத் தொடரை வென்றது 1979-ல்.

பிறகு ஏன் வெளியே போக முடியவில்லை?

ஐபிஎல்-ல சில வருஷத்துக்கு ஒரு தடவை மெகா ஏலம் வரும். வீரரின் மார்க்கெட் விலை தெரிந்துவிடும். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. விதி இதுதான்:

முதல் 3 ஆண்டுகள்: டீம் சொல்வதுதான் சம்பளம். லீக் நிர்ணயித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான். 2025-ல் அது 7.6 லட்சம் டாலர்.

அடுத்த 3 ஆண்டுகள்: சம்பளத்தில் உடன்பாடு வராவிட்டால் நடுவர் குழு முடிவு செய்யும். தொகை ஏறும். ஆனால் டீம் மாற முடியாது.

6 ஆண்டுகள் முடிந்த பிறகு: வீரர் சுதந்திரம். யார் அதிகம் தருகிறார்களோ அங்கே போகலாம்.

இந்தக் கணக்குப்படி ஸ்கீன்ஸுக்கு விடுதலை 2029 சீசன் முடிந்த பிறகுதான். அப்போது அவருக்கு 27 வயது. அதற்குள் டீமாகப் பார்த்து வேறு அணிக்குக் கொடுத்தால்தான் இடம் மாறலாம்.

ஒரு நாளில் போன ஒரு வருஷம்

இந்த விதியில் ஒரு ஓட்டை இருந்தது. 172 நாள் இருந்தால்தான் முழு ஆண்டு. 2015-ல் சிகாகோ கப்ஸ் தனது இளம் வீரர் கிரிஸ் பிரயன்ட்டைக் கொஞ்சம் தாமதமாகக் களமிறக்கியது. அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைந்ததால், டீமுக்கு அவர் இன்னும் ஒரு வருஷம் கிடைத்தார். முறையீடு செய்தும் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

2022-ல் வீரர்கள் சங்கமும் அணி உரிமையாளர்களும் போட்ட ஒப்பந்தத்தில் இதற்குப் பதில் வந்தது. சிறந்த புதுமுக வீரர் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தால், எப்போது வந்தாலும் முழு ஆண்டு கணக்கு. மே மாதம் வந்த ஸ்கீன்ஸுக்கு 2024 முழு ஆண்டாகச் சேர்ந்தது இப்படித்தான். இல்லாவிட்டால் 2030 வரை காத்திருக்க வேண்டும்.

அதே ஒப்பந்தம், நன்றாக ஆடும் இளம் வீரர்களுக்காக ஆண்டுக்கு 5 கோடி டாலர் போனஸ் நிதியையும் உருவாக்கியது. அதிலிருந்து 2025-ல் ஸ்கீன்ஸுக்குக் கிடைத்தது சுமார் 34 லட்சம் டாலர். சம்பளத்தைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு!

காத்திருந்தால் என்ன ஆகும்?

இங்கேதான் உண்மையான ஆபத்து. பிட்சரின் சொத்து அவரது முழங்கை. ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற இன்னொரு 'நம்பர் 1' பிட்சர், 2010 ஜூனில் முதல் மேட்ச்சிலேயே 14 ஸ்டிரைக்அவுட் எடுத்தார். சில மாதங்களிலேயே முழங்கைத் தசைநாரில் அறுவை சிகிச்சை. மீண்டு வந்து 2019 உலகத் தொடரின் நாயகனாகி, 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அதன் பிறகு அவர் ஆட முடிந்தது வெறும் 8 மேட்ச். காயம் கொஞ்சம் முன்னதாக வந்திருந்தால் அந்தப் பணமே வந்திருக்காது.

இப்போதே நீண்ட ஒப்பந்தம் போட்டுவிடலாமே? போடலாம். ஆனால் அதில் வேறு நஷ்டம். ரொனால்ட் அகூன்யா 21 வயதில் 8 ஆண்டுக்கு 10 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். 2023-ல் லீகின் மதிப்புமிக்க வீரரானபோது, அவர் மார்க்கெட் விலை அதைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

உரிமையாளர்கள் தரப்பு என்ன சொல்கிறது?

இந்த விதி இல்லாவிட்டால், ஸ்கீன்ஸ் போன்ற ஒருவர் பிட்ஸ்பர்க் மாதிரி சின்ன மார்க்கெட்டில் ஒரு சீசன்கூட இருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பேஸ்பாலில் சம்பள உச்சவரம்பு கிடையாது. பணக்கார அணிகள் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். ஆனால் மலிவாகக் கிடைத்த பிட்சரால் மிச்சமான பணத்தில் நல்ல பேட்டர்களை வாங்கியிருக்க வேண்டாமா என்பது பிட்ஸ்பர்க் ரசிகர்களின் கேள்வி.

அடுத்து என்ன?

2022 ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ம் தேதி முடிகிறது. உரிமையாளர்கள் பேசுவது உச்சவரம்பு பற்றி. வீரர்கள் சங்கம் அதைக் காலங்காலமாக எதிர்க்கிறது. கடந்த முறை உடன்பாடு வராமல் 99 நாள் லீகே முடங்கியது.

அந்தப் பேச்சுவார்த்தையில் இளம் வீரர்களின் காத்திருப்புக் காலம் குறையுமா என்பதுதான் ஸ்கீன்ஸுக்கு முக்கியம். குறையாவிட்டால், 2029 வரை அவர் முழங்கை தாங்க வேண்டும். அதுவரை அந்த ரிஸ்க்கில் பெரும்பங்கு டீமுக்கு இல்லை, அவருக்குத்தான்.